பன்னிரண்டு ரூபா

வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில்
மூன்றாம் மாடி அனெக்ஸ்.
வாசுகிதேவி, ரிஸ்மியா, நான்.
அடுப்பு உண்டு. அதன்மேல் இப்போது
இஸ்திரிப்பெட்டி இருக்கிறது.

ஏழரை ரயில் ஜன்னலை உலுப்பிவிட்டுப் போகும்.
அதுதான் எங்களுக்குச் சாப்பாட்டு மணி.
"என்ன எடுப்பம்?" என்பாள் ரிஸ்மியா, காலை நீட்டியபடி.
ஓடர் போடும் விரல் என்னுடையது.
கார்ட் என்னுடையது.
எட்டு வீதம் திரும்பி வருவதும் எனக்குத்தான்.
நான் சொன்னதில்லை,
அவர்கள் கேட்டதில்லை.

மூன்று கோழிக் கொத்து, தலா ஆயிரத்து நானூற்றைம்பது.
தங்கள் பங்கைத் தாளாகவே தருவார்கள், ஐம்பது சரியாக.
கதவடியில் கொத்தின் சூடு வருமுன்
பச்சை எழுத்தில் செய்தி வரும்:
முந்நூறு ரூபா உங்களுக்கு!
முந்நூற்று நாற்பத்தெட்டு வரவேண்டும்.
உச்சவரம்பாம். நட்சத்திரக் குறி போட்டு
எறும்பு எழுத்தில் சொல்லியிருந்தார்கள்.

அந்த நாற்பத்தெட்டு என்னை உறங்கவிடவில்லை.
மறுகிழமை ஓடரை இரண்டாகப் பிரித்துப் போட்டேன்.
ஒரே கடை, ஒரே பை, ஒரே கேற்றடி,
இரண்டு மோட்டார்சைக்கிள்.
இருவரும் ஹெல்மெட்டைக் கழற்றி
ஒருவரையொருவர் பார்த்தார்கள்.
இரண்டாம் டெலிவரிக்கு நூற்றுத்தொண்ணூறு.

கொள்ளுப்பிட்டியில் பிறர் ஏடுகளைத் தணிக்கை செய்கிறவள் நான்.
இரண்டு ரூபா பிசகினால்
சிவப்புப் பேனா எடுப்பேன்.

ஐப்பசிக் கடைசி இரவு. மழை.
சேர்ந்தது ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தெட்டு.
இரண்டாயிரம் ஆகாமல் கார்டுக்கு மாற்ற முடியாது.
பன்னிரண்டு மணிக்கு எல்லாம் காலாவதி.
விலை குறைந்த பக்கத்திலிருந்து
மெனுவில் மேலே ஏறினேன்.
தண்ணீர்ப் போத்தல் நூறு. எட்டு ரூபாதான் தேறும்.
இறால் வடை ஒன்று, நூற்றைம்பது.
எட்டு வீதம், பன்னிரண்டு.
கடவுள் இருக்கிறார் என்று
அந்த நிமிஷம் ஒப்புக்கொண்டேன்.

வரைபடத்தில் ஒரு சின்ன மோட்டார்சைக்கிள்
காலி வீதிச் சந்தியில் நின்றது.
எங்கள் ஒழுங்கையைத் தாண்டிப் போய்த்
திரும்பி வந்தது. பெயர் நுவன்.
குப்பைப் பையில் கழுத்துக்கும் கைக்கும் ஓட்டை போட்டு
மழைக்கோட்டாய் மாட்டியிருந்தான்.
வடையைச் சட்டைக்குள் வைத்திருந்தான், நனையாமல்.
எடுத்து நீட்டிவிட்டுப்
பையின் அடியை இன்னொருமுறை தடவிப் பார்த்தான்.
"எகயித, மிஸ்?"
ஒன்றுதானா என்கிறான்.
ஒவ், என்றேன்.
அதற்குமேல் காரணம் சொல்லச்
சிங்களம் போதவில்லை.
தமிழும்.

அவன் படியிறங்க முதலே
அடுத்த ஓடர் அவன் பொக்கற்றுக்குள் கத்தியது.

பதினொன்று நாற்பத்தொன்று. வரவில்லை.
பதினொன்று ஐம்பத்தெட்டு.
தங்கள் காசு பரிசீலனையில் உள்ளது, என்றது திரை,
கச்சேரிக் கிளாக்கர் மாதிரி.
பிறகு பூச்சியம். புள்ளி. இரண்டு பூச்சியம்.

"இந்த நேரத்தில என்னடி ஒற்றை வடை?"
வாசுகிதேவி எழும்பி வந்துவிட்டாள்.
பசித்தது, என்றேன்.
மூன்றாய்ப் பிய்த்தோம். இறால் யார் துண்டில் என்று
ரிஸ்மியா சண்டை பிடித்தாள்.
முழுத் தொகையில் அவர்களுடைய பங்கு
ஆயிரத்து முந்நூற்றிருபத்தைந்து, முப்பத்துமூன்று சதம்.
மென்றுகொண்டே கணக்குப் போட்டேன்.
வாயைத் திறக்கவில்லை.

காலையில் பஸ்ஸில், பம்பலப்பிட்டி தாண்டும்போது
செய்தி வந்தது:
வாழ்த்துக்கள், உங்களுக்குப் பன்னிரண்டு ரூபா!
புது மாதக் கணக்கில்.

மாலை வீட்டில், உப்புப் போத்தலின் கீழ்
இரண்டு ஐம்பது ரூபாத் தாள்கள்.
வடைக்கு, அவர்கள் பங்கு.
டெலிவரிக் காசை மறந்துவிட்டார்கள்.