மதிப்பீடு

பத்தொன்பது வருடம்
எரிந்த சமையலறைகளுக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தேன்.
வின்னிபெக்கில் எந்தத் தெருவில் எந்த வீடு
எந்த வாணலியால் போனது என்று
இப்போது கேட்டாலும் சொல்வேன்.
உருகிய மைக்ரோவேவுக்கு இவ்வளவு,
கரி படிந்த கூரைக்கு இவ்வளவு,
தேய்மானம் கழித்து.
புகை நாற்றத்துக்கு மட்டும் தனிப் பத்தி.

வேலையை விட்ட அன்று
அர்செனியோ ஒன்றும் சொல்லவில்லை.
பேருந்துச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு
வீட்டுக் கடன் காகிதங்களை
மேசை நடுவில், சோற்றுப் பானைக்கருகில் வைத்தான்.
அதைச் சுற்றித் தட்டுகளை வைத்துச் சாப்பிட்டோம்.

வங்கியில் ஒரு பையன், நல்ல பையன்தான்,
"பெயரில் தாய்லாந்து என்று ஏதாவது சேர்க்கலாமே,
ஜனங்களுக்குப் புரியும்" என்றான்.
ஏழாயிரத்துச் சொச்சம் தீவுகளை
அவன் மேசையில் எங்கே இறக்கிவைப்பது?
'லுடிவினா' என்று என் பெயரையே எழுதிக் கொடுத்தேன்.
அதுவும் ஸ்பானியன் விட்டுப்போனது என்பது
கையெழுத்துப் போட்டபின்தான் உறைத்தது.

சார்ஜென்ட் தெருவில் கடை.
முன்பு சலவைக்கடை.
சுவரிலிருந்து சோப்பு வாசனை போக
இரண்டு மாத வினிகரும் பூண்டும் தேவைப்பட்டன.

வாழையிலை உறைந்து வருகிறது பெட்டியில்,
தட்டினால் தகடுபோல் ஒலிக்கும்.
அடுப்புத் தீயின்மேல் ஒரு முறை இழுத்தால்
பச்சை மினுங்கி, வளையும்.
தீ இப்படியும் ஒன்று செய்யும் என்று
என் பழைய அறிக்கை எதிலும் நான் எழுதியதில்லை.

பட்டியலில் தினுகுவானுக்கு நேரே
'பன்றி இரத்தக் குழம்பு' என்று எழுதினேன்.
அக்கா ரோசெண்டா தொலைபேசியில் கத்தினாள்:
"சாக்லேட் இறைச்சி என்று போடு!
வெள்ளைக்காரர்களிடம் அப்படித்தானே சொல்வோம்?"
அப்படித்தான் சொல்வோம்.
அலுவலக விருந்துகளுக்கு நானும்
பொரித்த லும்பியா மட்டுமே கொண்டுபோனவள்,
யாரும் முகம் சுளிக்காத ஒன்று.
அழிக்கவில்லை.
ஒன்பது நாள் அந்தச் சட்டியை நாங்களே காலி செய்தோம்.

வியாழக்கிழமைகளில் கரண்டி கிடையாது.
இலை, சோறு, கை.
முதல் வியாழன் வந்த இலோய்லோப் பையன்கள் இருவர்
ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்கள்.
திரையை மூடச் சொன்னார்கள்.
திரை இல்லை என்றேன்.
இருந்தது.

பத்தாம் நாள், மைனஸ் முப்பத்தொன்று.
கண்ணாடியில் ஆவி படர ஒருவர் உள்ளே வந்தார்.
ஹால்டோர்சன். மெக்ஜீ தெரு, எண்ணெய்த் தீ.
"என் சமையலறைக்குப் பதினோராயிரத்து நானூறு போட்டது
நீங்கள்தானே?"
நான்தான்.
"குறைச்சல்."
குறைச்சல்தான் என்றேன்,
பதினைந்து வருடம் தாமதமாக.

பட்டியலை விரலால் தடவிக்கொண்டே வந்து
அந்த வரியில் நின்றார்.
"என் அம்மா ஆட்டு இரத்தத்தில் செய்வாள்.
பள்ளிக்கூடத்தில் மூச்சுவிட்டதில்லை."
கை கழுவ எங்கே என்று கேட்டார்.
அன்று வியாழன் இல்லை.
வைத்த கரண்டியைத் தள்ளிவைத்தார்.

முதல் கவளம் பாதி வாயில், பாதி சட்டையில்.
வினிகர் ஏறி இருமினார்.
மறுபடி எடுத்தார்.
உள்ளே அர்செனியோ, சீருடையைக்கூட மாற்றாமல்,
அவருக்கு இன்னொரு கிண்ணம் தேற்ற
சட்டியைச் சுரண்டும் சத்தம்.

பில்லை நீட்டியபோது
கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு
நெடுநேரம் பார்த்தார்:
"தேய்மானம் கழிக்கவில்லையா?"