எட்டுப் போடுதல்

கம்பெனி கைவிட்டு மூன்று வருஷமான போன்.
உங்கள் பதிப்புக்கு இனி ஆதரவு இல்லை என்று
முதலில் பஸ் ஆப் சொன்னது,
பிறகு கேஸ் புக்கிங், பிறகு பேங்க்.
போனுக்கு ஒன்றும் ஆகவில்லை.
திரையின் கீறல்கூட விரலுக்குப் பழகிவிட்டது.
புதுசு பதினாலாயிரம்.
என் சம்பளம் பதினொன்று.

காசிமேடு ஐஸ் ஃபேக்டரி, நைட் ஷிப்ட்.
எந்தப் போட்டுக்கு எத்தனை பார் என்று எழுதும் வேலை.
மேஜைமேல் ஓனர் மகன் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர்.

பூட்டைத் திறந்தால் எல்லாம் அழியும் என்றது.
ஆயிரத்து நூறு போட்டோ,
நாத்தனார் அனுப்பிய அத்தனை குட்மார்னிங்.
சத்தம் கூட்டும் பட்டனை அழுத்திச்
சரி என்றேன்.

கம்ப்யூட்டருக்குப் போனே தெரியவில்லை.
அந்த கேபிள் சார்ஜ் மட்டும் ஏற்றும் ரகம்,
பேச்சு ஏறாது.
வேறு கேபிளில் ஒரு நொடி தெரிந்து மறைந்தது.
முன்பக்க ஓட்டையில் டார்ச் அடித்தால்
உள்ளே பச்சை பூத்திருக்கிறது.
உப்புக்காற்று.
ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், என் கம்மல் திருகு,
எதைத்தான் விட்டது?
பின்பக்கம் சொருகினேன். பிடித்துக்கொண்டது.

அறுபத்திரண்டு சதவீதத்தில் லைட் மங்கியது,
கம்ப்யூட்டர் செத்தது.
ரெண்டாவது கம்ப்ரஸரை எடுத்துவிட்டார் தேவசகாயம்.

மறுபடி ஏற்றினேன். லோகோ வந்தது.
லோகோ மட்டும்.
வரும், நடுங்கும், இருளும், வரும்,
கைமாத்து கேட்க வந்தவர்
வாசல்வரை வந்து வந்து திரும்புவதுபோல.

கோப்பின் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தேன்.
என் மாடலின் வாலில் எஃப்.
இறக்கியதன் வாலில் ஜி.
தங்கச்சி பிளவுஸை அக்காவுக்கு மாட்டியிருக்கிறேன்.

சரியானது இறங்க ஒன்றேமுக்கால் மணி நேரம்.
அதற்குள் நாலு போட்டுக்கு நூற்றெண்பது பார்.

மோட்டார் ரூமுக்குப் போய்
"நாலு நிமிஷம்ணா, ரெண்டாவத எடுக்காதீங்க" என்றேன்.
"இன்னா விஷயம்?"
"போனுக்கு ஆபரேஷன்."
சுவிட்சுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு
அவரே உட்கார்ந்துகொண்டார், எவனும் தொடாதபடி.
இரைச்சல் பாதியானதும்
கடல் இவ்வளவு கிட்டே இருப்பது கேட்டது.

நூறு.

டவர் வந்தது. கேமரா வந்தது.
டார்ச் வரவில்லை, இன்றுவரை.
திசைகாட்டி மட்டும் ராயபுரத்தை வடக்கு என்றது,
போனைப் பிடித்துக் காற்றில் எட்டுப் போடச் சொன்னது.
லைசென்ஸுக்குக்கூட நான் எட்டுப் போட்டதில்லை.

நாலரைக்கு வெளியே வந்து
ஏலக் கும்பலின் ஓரமாக நின்று
கையை உயர்த்தி ஓர் எட்டு.
இன்னொன்று, கொஞ்சம் பெரிதாக.

"ரெண்டாயிரத்தி நானூறு! ஐஸ் கம்பெனி பொண்ணு!"

பாளையத்தம்மா ஏலத்தை முடித்துவிட்டாள்.
என் காலடியில் ஒரு கூடை சங்கரா,
செவுள் இன்னும் ரத்தச் சிவப்பு.

"நா கேக்கவே இல்லக்கா."
"கைய தூக்குன இல்ல? ஒருவாட்டியா தூக்குன?"
"வடக்கு எங்கன்னு பாத்தேன்."
"வட சென்னைல நின்னுகினு வடக்க தேடுறியாடி!"

பணம் அனுப்ப பேங்க் ஆப்பைத் திறந்தேன்.
இந்தக் கருவி மாற்றப்பட்டுள்ளது, நம்பத் தகுந்ததல்ல
என்று சொல்லி மூடிக்கொண்டது.
ராத்திரி முழுக்க இதற்காகத்தான்.

பாதிக் கூடையை தேவசகாயம் ரொக்கமாக எடுத்துக்கொண்டார்.
லோடு ஏற்றும் ரெண்டு பேர் ஆளுக்கு முந்நூறு.
மிச்ச அறுநூறை
அந்தப் போட்டின் ஐஸ் பாக்கியில் கழித்து
நோட்டில் என் பேருக்கு எழுதினேன்,
ஜெபசீலி, அட்வான்ஸ்.

பஸ் ஆப் திறந்தது.
முதல் பஸ் ஐந்து ஐம்பதுக்கு என்றது.
திரையில் ஒரு செதில் ஒட்டியிருந்தது.
அதற்கடியில் ஊசி
அசையாமல் எண்ணூரைக் காட்டிக்கொண்டிருந்தது.
மிகச் சரி.

என் வீடு மூலக்கொத்தளத்தில்.
வடக்குக்கு முதுகைக் காட்டிவிட்டு
மீனோடு நடந்தேன்.