பொதுப் புகைபோக்கி

செப்டம்பர் இருபதுக்குள் ஜன்னல்களை அடைத்துவிட வேண்டும்.
இந்த ஆண்டு இருபத்தெட்டு ஆகிவிட்டது.
தார்த்து நகரத்து மரவீட்டுப் பரணிலிருந்து
உள்சட்டங்களை ஒவ்வொன்றாய் இறக்கினேன்.
விளிம்பில் பென்சில் எழுத்து, என்னுடையதுதான்:
சமையலறை, இடம்.
சமையலறை, வலம்.
படுக்கையறை (இறுகும், சுத்தியல் எடு).
கடைசிச் சட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை.
எல்லா ஜன்னலிலும் வைத்துப் பார்த்தேன்.
எதிலும் உட்காரவில்லை.
பிறகுதான் உறைத்தது,
அது மாடிப்படி திரும்பும் இடத்து ஜன்னல்.
எனக்கும் கீழ்வீட்டு எண்டெலுக்கும் பொது.
பொது என்பதால்
இருவரும் துடைப்பதில்லை.

இரண்டு கண்ணாடிக்கும் நடுவே
காட்டுப்பாசி ஒரு பிடி,
மேலே ரோவன் பழம் ஒரு கொத்து,
ஈரம் குடிக்கக் கிண்ணத்தில் உப்பு.
மாவுப்பசை காய்ச்சி
செய்தித்தாளைக் கீற்றாய்க் கிழித்து
இடுக்கெல்லாம் ஒட்டினேன்.
இனி ஏப்ரல் வரை
காலைக் காபியோடு நான் படிக்கப்போவது
இந்த ஒரே வரிதான்:
படகு விற்பனைக்கு. மோட்டார் பழுது.
மற்றபடி நல்ல நிலை.

எண்டெலோடு மே மாதத்திலிருந்து பேச்சில்லை.
விறகுக் கொட்டகைத் தரையில் ஒரு சுண்ணாம்புக் கோடு.
கோட்டைத் தாண்டி ஒரு முழம்
அவருடைய பிர்ச் விறகு.
நான் ஒரு சொல் சொன்னேன்.
அவர் இரண்டு சொன்னார்.
மூன்றாவதாய் என் வாயிலிருந்து அவிழ்ந்து ஓடியதைப்
பிடித்துக் கட்ட
இன்றுவரை கயிறு கிடைக்கவில்லை.

புதன்கிழமை புகைபோக்கி துடைப்பவர் வந்தார்.
ரீஹோ என்று பெயர். வயது முப்பதுகூட இராது.
கறுப்புச் சட்டையில் இரண்டு வரிசைப் பித்தளைப் பொத்தான்.
அதைத் தொட்டால் அதிர்ஷ்டமாம்.
வாசலில் நான் கை நீட்டினேன்,
எண்டெலும் நீட்டினார்.
ஆளுக்கொரு வரிசை.
எங்கள் இருவர் விரலிலும் கரி.

கூரையிலிருந்து இறங்கி வந்தது
சாம்பல் கழுத்துக் காகத்தின் கூடு.
வாளி நிறையச் சுள்ளி, ஆட்டுரோமம்,
பேருந்துச் சீட்டு, நீலக் கம்பி.
என் தொலைந்த கையுறை அதில் இருக்குமென்று
கிளறிப் பார்த்தேன்.
இல்லை.
கதையில்தான் அப்படியெல்லாம் கிடைக்கும்.

"ரெண்டு வீட்டுக்கும் ஒரே குழாய்,"
ரீஹோ மேலிருந்து கத்தினார்,
"ஒரு அடுப்பை மட்டும் மூட்டினா
புகை அடுத்த வீட்டுல போய் உட்காரும்.
சேர்ந்து மூட்டுங்க. நான் பாத்துச் சொல்றேன்."

கணப்படுப்பின் முன் மண்டியிட்டேன்.
பலகைத் தரைக்குக் கீழே
இன்னொரு முழங்கால் மடங்கும் சத்தம்.
அவருக்கு இடது மூட்டு சொடுக்கும்.
அது எனக்குத் தெரிந்திருப்பது
எனக்கே எரிச்சலாக இருந்தது.

"மூட்டியாச்சா?"
"ஆச்சு!"
"ஆச்சு!"

கொஞ்ச நேரம் மேலிருந்து ஒன்றும் கேட்கவில்லை.
ஈரச் செங்கல் முதலில் இருமியது.
பிறகு தீ 'ஊ' என்று மேலே இழுத்துக்கொண்டது.
"நல்லாப் போகுது!" என்றார் ரீஹோ.
யார் வீட்டுப் புகை என்று சொல்லவில்லை.
நாங்களும் கேட்கவில்லை.
மொத்தம் எழுபது யூரோ.
பாதிப் பாதி.

நாலரை மணிக்கே வெளிச்சம் மங்கியது.
எழுத்தில்லாச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு
மாடிப்படித் திருப்பத்துக்குப் போனேன்.
ஒருவர் பிடிக்க வேண்டும், ஒருவர் பசை பூச வேண்டும்.
தோளால் முட்டுக்கொடுத்து
பல்லில் தூரிகையைக் கடித்துக்கொண்டு
நான் செய்த வித்தையைக்
கீழ்ப்படியில் நின்று எவ்வளவு நேரம் பார்த்தாரோ.
ஏறி வந்து அடிப்பக்கத்தைப் பிடித்தார்.

"கொஞ்சம் மேலே," என்றேன்.
"இப்போ?"
"இன்னும் கொஞ்சம்."

மே மாதத்துப் பேச்சை அவர் எடுக்கவில்லை.
நானும் எடுக்கவில்லை.
பாசியை நான் வைத்தேன்.
பழம் போதவில்லை;
அவர் சட்டைப்பையிலிருந்து
இரண்டு ஓக் கொட்டைகளை எடுத்து வைத்தார்.
ஏன் சட்டைப்பையில் ஓக் கொட்டை என்று
கேட்கலாமா என யோசித்து விட்டுவிட்டேன்.

விறகு இன்னும் கோட்டைத் தாண்டித்தான் கிடக்கிறது.
இந்தக் குளிருக்கு
எப்படியும் நவம்பர் பாதிக்குள்
எரிந்து எரிந்து
கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடும்.