எழுபத்திரண்டு செக்கன்

ஒரு மணித்தியாலம், ஐம்பது கேள்வி.
வகுத்துப் பார்த்தேன்: ஒன்றுக்கு எழுபத்திரண்டு செக்கன்.
மண்டூர்த் துறையில் ஏறிக்
குருமண்வெளியில் இறங்கக் கால் மணித்தியாலம்.
ஆகவே ஒரு கடவைக்குப் பன்னிரண்டு.
காற்று எதிர்த்தால் பதின்மூன்று.

காலையில் எழுவான்கரைக்குப் போகையில் வெயில் முகத்தில்.
பின்னேரம் படுவான்கரைக்குத் திரும்பினால்
அப்போதும் முகத்தில்.
வினாத்தாளைக் கண்ணுக்கு மறைப்பாய்ப் பிடித்தே
பாதி படித்திருக்கிறேன்.

சட்டக்கல்லூரி நுழைவுப் பரீட்சைக்குப்
பத்தொன்பது நாள்.
எனக்கிது மூன்றாந்தரம்.
முதல்முறை பொது அறிவு கவிழ்த்தது,
இரண்டாம்முறை மணிக்கூடு.

பகலெல்லாம் களுவாஞ்சிகுடியில் நொத்தாரிசு கந்தோர்.
மற்றவர்களின் வளவுகளுக்கு எல்லை தட்டுகிறேன்.
வடக்கால் பரசுராமன் பேர்க் காணி,
கிழக்கால் ஒழுங்கை, தெற்கால் வாய்க்கால்,
மேற்கால்...
மேற்கால் எனக்கு எப்போதும் வாவிதான் வருகிறது.
அழித்துவிட்டு மறுபடி தட்டுவேன்.

இரவு, கரண்ட் இருந்தால்,
மருதமுனையிலிருந்து றிஸ்மியா
குரல் பதிவில் கேள்வி அனுப்புவாள்.
"ரெண்டு, ஆறு, பன்னிரண்டு, இருபது, முப்பது,
சும்மா இரி வாப்பா, அழாத, அடுத்தது என்ன?"
நாற்பத்திரண்டு என்பேன்.
எத்தனை செக்கன் எடுத்த என்பாள்.
பொய் சொல்வேன்.

இன்று பாதையில் பதினொரு மோட்டார் சைக்கிள்,
இரண்டு பால் கான்,
ஹெல்மெட் கழற்றாத ஒரு கணக்கு வாத்தியார்.
மேகராசா அண்ணன் இயந்திரத்தை உசுப்பினதும்
போனில் நேரத்தை ஓடவிட்டேன்.

முப்பத்தேழு, சரி. முப்பத்தெட்டு, விட்டுத் தாண்டு.
முப்பத்தொன்பது:
எல்லாத் தோணிகளும் மரம்.
சில மரங்கள் மிதக்கும்.
ஆகவே சில தோணிகள் மிதக்கும்.
நடு வாவியில் நின்றுகொண்டு
'தீர்மானிக்க முடியாது' என்று எழுதினேன்.

"லோயருக்கா படிக்கிறீங்க?"
பக்கத்தில் நின்றவளுக்கு என் வயதுதான் இருக்கும்.
குடை மடிப்புக்குள்ளிருந்து கடிதமொன்று எடுத்தாள்.
இங்கிலீசு. நுண்கடன் கம்பனியின் சட்டத்தரணி, கொழும்பு.
"முந்தாநாள்தான் தபால்காரர் தந்தவர் கா.
என்ன கிடக்கு இதில?"

கடிதத்தின் திகதி மூன்று.
பதினான்கு நாட்களுள் பதில் தவறின் வழக்கு.
கைக்கு வந்தது பதினாலு. இன்று பதினாறு.
ஆகவே?
கீழே ஐந்து விடைகள் இல்லை.

நாளைக்கு, என்றேன்.
அவள் கடிதத்தைப் பார்க்கவில்லை,
என் வாயைப் பார்த்தாள்.
"கட்டின காசுக்கெல்லாம் துண்டு வெச்சிருக்கன்."

வேறு தாள் இல்லை.
விடைத்தாளைத் திருப்பி
யாருடையதோ மோட்டார் சைக்கிள் சீற்றில் வைத்து எழுதினேன்:
தொகையை மறுக்கிறேன், பற்றுச்சீட்டுகள் என் வசம்,
கணக்குக் கூற்றை அனுப்பவும்.
பாதை ஆடிய இடத்தில் 'மறுக்கிறேன்' கோணிப்போனது.
நடுவில் நேரம் முடிந்து போன் கத்தியது.
யாரும் பேனையைக் கீழே வைக்கவில்லை.

கோமளேஸ்வரி என்று ஒப்பமிட்டாள்,
நிறுத்தி நிறுத்தி, 'ஸ்'ஸின் புள்ளியை மறக்காமல்.
பதிவுத் தபாலில் போடுங்க,
அந்தத் துண்டையும் தொலைக்காதீங்க.
காணுமோ தெரியாது,
ஆனால் இன்றைக்கே போடுங்க.
சரி கா என்று இறங்கி
தபால் கந்தோர்ப் பக்கம் ஓடாத குறையாய் நடந்தாள்.

'மேற்கால்' என்று தட்டுகையில்தான்
தாளின் மறுபக்கம் ஞாபகம் வந்தது.
எனக்கு முன்னே கொழும்புக்குப் போகிறது என் விடைத்தாள்.
முப்பத்தெட்டு வெறுமை.
அதற்குக் கீழே, எவரேனும் புரட்டினால்,
என் கையெழுத்தில்
தீர்மானிக்க முடியாது.

நாற்பதிலிருந்து ஒன்றுமே இல்லை.
பின்னேரக் கடவையில் தொடங்க வேண்டும்.