வடக்குச் சன்னல்

சன்னல் எனக்கு வந்தது
அலுவலகத்தை மாற்றியடுக்கிய ஏப்ரலில்.
மூன்றாம் மாடி, வடக்குப் பக்கம்,
ஆற்றைப் பார்த்த மேசை.
கணக்குப் பிரிவு கௌரவமாக இருக்கட்டும்
என்றான் ஹெல்டுர்.
நான் வேண்டாமென்று சொல்லவில்லை.

அதுவரை அங்கே இருந்தவள் விர்வே.
பல் செய்கிறவள்.
முழுப் பல்செட் அல்ல; ஒற்றைப் பல்.
இருபத்தேழு பற்களுக்கு நடுவே
இருபத்தெட்டாவதாய்ப் போய் உட்கார்ந்து
தான் புதிது என்று
காட்டிக்கொள்ளாமல் இருக்கவேண்டிய பல்.

பீங்கான் பொடியை நீரில் குழைத்துத்
தூரிகை நுனியால் அடுக்குவாள்.
ஈறருகே கொஞ்சம் தேன்,
நுனியில் கொஞ்சம் நீலம்,
காப்பிக்காரர்களுக்கு ஒரு பழுப்பு மயிரிழை.
பல் வெள்ளைன்னு எவன் சொன்னான்,
என்பாள்.

அவளுக்குக் கிடைத்தது உள்ளறை.
சுத்தமான அறை. நான்கு சுவர்.
‘பகலொளி’ என்று அட்டையில் அச்சிட்ட
விளக்குகள் ஆறு.
விலையைப் பதிந்தவர்களில் நானும் உண்டு:
ஒன்று நூற்றுநாற்பது யூரோ.

நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன்.
முதல் நாளே ஆற்று வெயில் தெறித்து
கணினித்திரை கூசியது.
சன்னல்திரையை இறக்கினேன்.
இரண்டு திரைகளுக்கு நடுவே
எட்டு மாதம்.

பற்கள் திரும்பி வரத் தொடங்கின.
வால்காவிலிருந்து ஒன்று: சாம்பல்.
வில்யாந்தியிலிருந்து ஒன்று: நீலம் அதிகம்.
எனக்கு அவை எண்கள்.
மறுவேலை, செலவு, நான்காவது பத்தி.
நவம்பரில் அந்தப் பத்தி
விளக்குகளின் விலையைத் தாண்டியது.
ஹெல்டுரிடம் காட்டினேன்.
விர்வேயைக் கண் டாக்டரைப் பார்க்கச் சொல்,
வயசாகுதில்ல, என்றான்.
அவளுக்கு நாற்பத்தொன்று.

டிசம்பரில் லெயிடா வந்தாள்.
தார்த்து நகரப் பேருந்து ஓட்டுகிறவள்.
முன்பல் மூன்று முறை மாறிவிட்டது;
நாலாவதை நேரில் பார்த்தே வாங்குவேன் என்று
சீருடையோடு வந்து நின்றாள்.
இடைவேளை முப்பத்தைந்து நிமிஷம்.

மாடிப்படித் திருப்பத்தில்
யாருக்கும் ஒதுக்காத சன்னல் ஒன்று உண்டு,
துடைப்பமும் வாளியும் வைக்கிற இடம்.
அங்கே அவளை நிறுத்தி
உதட்டைத் தூக்கச் சொல்லி
விசிறிபோல் விரியும் நிறப்பட்டையை வாயருகே பிடித்து
ஒவ்வொரு பல்லாய்த் தள்ளிக்கொண்டிருந்தாள் விர்வே.
காப்பிக்கு இறங்கிய எனக்கு வழியில்லை.
நின்றேன்.

திறந்த வாயோடே லெயிடா பேசினாள்,
பாதி எழுத்துகள் உதிர:
ஊர்லயே பெரிய சன்னல் என்னுது.
ஏறுற ஒவ்வொருத்தரும்
டிக்கெட்டைப் பார்க்கல, என் வாயைப் பார்க்கறாங்க.
உங்க விளக்குக்குப் பொருந்தின பல்லு
என் கண்ணாடிக்குப் பொருந்தலியே.

விர்வே பதில் சொல்லவில்லை.
மேகம் நகரக் காத்திருந்தாள்.
மணி ஒன்றேகால். வெளிச்சம்
நீர்மோர்போல் இருந்தது.
பட்டையைத் தாழ்த்தி
என்னைப் பார்த்துக் கேட்டாள்:
மேலே இப்ப எப்படி இருக்கு?

எனக்குத் தெரியவில்லை.

ஏறிப்போய்க் கயிற்றை இழுத்தேன்.
ஒரு மூலை சிக்கி
கோணலாய்ப் பாதியில் நின்றது.
அந்த முக்கோணத்துக்குள் ஆறு,
உறைந்தும் உறையாமலும்.
மேசையில் எவ்வளவு தூசி என்று
அப்போதுதான் கண்டேன்.
சட்டைக் கையால் துடைத்துவிட்டு
இருவரையும் கூப்பிட்டேன்.
லெயிடாவுக்கு மிச்சம் பதினோரு நிமிஷம்.

என் நாற்காலியில் அவள்.
என் ரசீதுகளின்மேல்
ஈரமாய் விர்வேயின் பீங்கான் தட்டு.
மூணும் இல்லை, மூணரையும் இல்லை,
என்றாள் விர்வே, மூக்கு உரசும் தூரத்தில்.
இரண்டுக்கும் நடுவுல.
இதுக்கு எண் கிடையாது.

குறித்துக்கொள்ளலாம் என்று
பேனாவைத் திறந்து வைத்திருந்தேன்,
எந்தப் பத்தி என்று தெரியாமல்.