ஒன்பது

பென்ஷன் கணக்கில்
ஏப்ரல் ஆறாம் தேதிதான் ஆண்டு பிறக்கிறது.
ஷெஃபீல்டில், ஜன்னலோரம்,
கடிதத்தை மடியில் விரித்திருக்கிறாள் லெத்தெப்ரகான்.
தகுதி ஆண்டுகள்: ஒன்பது.
பத்துக்குக் குறைந்தால் ஒரு பென்னி கிடையாது.

விடியுமுன் வங்கியில் தரை துடைத்தாள்,
இருட்டியபின் பல் மருத்துவமனையில்.
இரண்டு சம்பளமும் வரம்புக்குக் கீழே;
கூட்டினால் தாண்டும்.
கூட்டமாட்டார்களாம்.
அப்படி ஆறு வருஷம். ஆறு பூஜ்யம்.

யோனாஸ் பிறந்தபின்
வீட்டில் சும்மா இருக்கிறோமே என்று
வெட்கப்பட்ட வருஷங்கள் மட்டும்,
பிள்ளைக்கான உதவித்தொகை வாங்கிய புண்ணியத்தில்,
முழுசு முழுசாக ஏறியிருக்கின்றன.

அஸ்மாராவின் தையற்கூடத்தில் உழைத்தது?
அந்த நாட்டோடு ஒப்பந்தம் இல்லை.
ஊசி ஏறிய விரலைத் தூக்கிக் காட்டுகிறாள்
போனில் ஓடும் காத்திருப்பு இசைக்கு.

நாற்பது நிமிடம் கழித்து ஒரு குரல்:
விட்டுப்போன ஆண்டை
விலைகொடுத்து வாங்கலாம், மேடம்.
எந்த ஆண்டு வேண்டும்?

யோசிக்கிறாள்.
முழங்கால் வீங்கிய ஆண்டா,
வங்கிச் சாவியைத் தொலைத்துப்
பனியில் நின்ற ஆண்டா.

“எது மலிவு?” என்கிறாள்.