பெட்டியின் நீளம்

முதலில் ஒரு தாள்.
ஓர் அணு கனமே உள்ள கரித்தாள்,
தேனடை போல அறுகோணம் அறுகோணமாக.
எந்தச் சாய்வில் சுருட்டுகிறோம்
என்பதில் இருக்கிறது அதன் குணம்.
நேராகச் சுருட்டினால் ஒன்று,
சற்றே கோணினால் இன்னொன்று.
நான் எட்டுக்கு இரண்டு என்று சுருட்டினேன்.
ஐம்பத்தாறு அணுக்களுக்கு ஒருமுறை
சொன்னதையே திரும்பச் சொல்லும் குழாய்.

கையால் அல்ல.
கயானியில், பழைய காகித ஆலையின் கூடத்தில்
வரிசையாக நின்று இரையும் கணினிகளால்.
இங்கே உருண்ட தாள்கள் ஒரு காலத்தில்
லாரி லாரியாக வெளியே போயினவாம்.
என் தாள் யார் கண்ணிலும் படாது.
சுண்டைக்காய் கால்பணம்,
சுமைகூலி முக்கால்பணம்.

குழாயின் நடுவில் சூடு வைத்தேன்,
ஓரங்களில் குளிர்.
இடையே வெப்பம் எப்படி நடக்கிறது?
அவ்வளவுதான் கேள்வி.
அது கிடந்த பெட்டிக்குச் சுவர் இல்லை.
வலப்புறம் வெளியேறுகிற அணு
இடப்புறமாக வீட்டுக்குள் வந்துவிடும்.
ஓடிப்போக முடியாத ஊர்.

ஒரு நொடியைக் கோடியாக நறுக்கி
ஒரு துண்டை மறுபடி கோடியாக நறுக்கி
மிஞ்சியதைப் பத்தாகக் கிள்ளினால்
அதுதான் ஓர் எட்டு.
அப்படி எட்டு வைத்து எட்டு வைத்து
நாலு நாள் ஓடியது.

இரண்டாம் நாள் காலையில்
குழாய் மடங்கியிருந்தது,
மண்டியிட்டவனின் கால் போல.
மடிப்புக்கு வந்த வெப்பம்
தயங்கி நின்று
பாதிதான் தாண்டியது.

யாரும் பார்க்காததைப் பார்த்துவிட்டேன் என்று
டிரெஸ்டனில் இருக்கும் அன்ஸ்காருக்கு எழுதினேன்.
கட்டுரைக்குத் தலைப்பு மட்டும் ஐந்து எழுதிவைத்தேன்.
மதியச் சாப்பாட்டில்
தண்ணீர்க் குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் ரெய்யோவிடம்
என் குழாய் மடங்கிவிட்டது என்றேன்.
"எத்தனை அங்குலம்?" என்றார்.
சொன்னேன்.
சிரித்துக்கொண்டே என் தட்டிலிருந்த ரொட்டியையும் எடுத்துக்கொண்டார்.

நாலாம் இரவு, மூன்று மணி.
கட்டுரையின் முதல் அட்டவணையை நிரப்பும்போது
ஒரு சுற்றின் நீளம்
புள்ளி ஆறு ஐந்து ஒன்று.
நான் கணினிக்குக் கொடுத்திருந்தது
புள்ளி ஆறு ஒன்று ஐந்து.

ஐந்தும் ஒன்றும் இடம் மாறி உட்கார்ந்திருந்தன,
பேருந்தில் முகம் தெரியாத இருவர் போல,
சாதுவாக.
குழாயில் குற்றமில்லை.
குட்டைப் பெட்டியில் திணித்தேன்,
அது வேறெப்படிக் கிடக்கும்?
மடங்கியது.
அதை இயற்கை என்று எழுதியிருந்தேன்.

கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.
மைனஸ் இருபத்தேழு.
மூக்குக்குள் முடி விறைத்தது.
கணினிகள் கக்கும் சூட்டைத் தண்ணீரில் வாங்கி
ஊருக்குள் அனுப்புகிறார்கள் இங்கே.
ஆற்றுக்கு அப்பால் அடுக்குமாடிகளில்
எல்லாரும் தூக்கத்தில்.
சுவரோரச் சூடேற்றிகளின் மேல்
பிள்ளைகளின் ஈரக் கையுறைகள்
காய்ந்துகொண்டிருக்கும்.
நாலு நாளாக அவற்றைக் காயவைத்ததில்
என் தப்புக் கணக்குக்கும் பங்கு உண்டு.
சரியாகப் போட்டிருந்தாலும்
ஒரு பாகை கூடியிருக்காது.

வெட்கமாக இருந்தது.
கொஞ்சம் சந்தோஷமாகவும்.
இரண்டையும் அன்ஸ்காருக்கு எழுதவில்லை;
"எண் பிசகிவிட்டது, மன்னிக்கவும்"
என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

மறுபடி ஓட்டியாயிற்று.
குழாய் நேராகக் கிடக்கிறது.
வெப்பம் வழுக்கிக்கொண்டு போகிறது,
ஏற்கெனவே நாலு பேர் எழுதிவைத்த எண்ணுக்குப்
பக்கத்தில் போய் நிற்கிறது.
படம் போட ஒன்றுமில்லை.

"ஹில்க்கா, நேற்று ராத்திரி
தண்ணீரில் சூடு கொஞ்சம் இறங்கியதே,
உன் கடையைச் சாத்திவிட்டாயா?"
கேலிதான், ரெய்யோவுக்கும் தெரியும்,
நான் ஒருத்தி நிறுத்தினால் ஊர் குளிராது.

நிமிர்த்திவிட்டேன் என்றேன்.
எதை என்று அவர் கேட்கவில்லை.
இன்றைக்கு ரொட்டியை
அவர் வருவதற்குள் தின்றுவிட்டிருந்தேன்.